கோடுகளில் மேயும் மான்

கொலராடோவின் சான் ஹுவான் மலைகளுக்குச் செப்டம்பரில் தனியாக எல்க் வேட்டைக்குப் போகிறவர், கோடையிலேயே வீட்டு மேசையில் வேலையைத் தொடங்கிவிடுகிறார். 1:24,000 அளவிலான அரசு வரைபடமும் கூகுள் எர்த்தும் போதும். மலையில் கால் வைக்காமலே அந்த மானின் ஒரு முழு நாளை அவர் கணித்துவிடும் விதம், என்னைக் கேட்டால், வேட்டையைவிட அழகு.

தெற்குச் சரிவில் வெயில் விழும், புல் இருக்கும். விடியலிலும் அந்தியிலும் மேய்ச்சல் அங்கே. பகலில் எல்க் வடக்குச் சரிவின் ஸ்ப்ரூஸ் மர இருட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவு செங்குத்தில் எங்கே படுக்கும்? நெருக்கியடித்து ஓடும் சம உயரக் கோடுகள் ஓரிடத்தில் மட்டும் சற்றே விலகுகின்றன பாருங்கள், அங்கே ஒரு சமதளத் திட்டு இருக்கிறது. அந்த விலகலில் போய் நிற்கிற கண்ணுக்குத்தான் என் முதல் வணக்கம். ஆனால் கோட்டுக்குக் கோடு 40 அடி. சிறிய திட்டு இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். கைதேர்ந்தவர் அதைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுவார், பழைய ஆண்டுகளின் படங்களையும் புரட்டுவார். ஜூனில் பளபளத்த குட்டை செப்டம்பரில் சேறாகச் சுருங்கியிருந்தால் அவருக்கு மகிழ்ச்சி. இணைசேரும் பருவத்தில் ஆண் எல்க் புரள வருவது அந்தச் சேற்றுக்குத்தான்.

காற்றை எந்த வரைபடமும் காட்டாது. ஆனாலும் சரிவு தெரிந்தால் காற்றும் தெரியும்: விடியலில் குளிர்ந்து கீழிறங்கும், வெயில் ஏறியதும் மேலேறும். எல்க்கின் மூக்குக்கு எட்டாமலிருக்க, விடிகாலைக்குக் கீழிருந்து ஒரு வழி, முற்பகலுக்கு மேலிருந்து ஒரு வழி என இரண்டையும் குறித்துவைப்பார்.

இத்தனையும் குறித்த பிறகு, தனி ஆள் குறித்த இடங்களைக் கோடு போட்டு அடிக்கத் தொடங்குகிறார். நன்கு வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சியே கிட்டத்தட்ட 100 கிலோ தேறும். ஒரு முதுகுக்கு அது நாலு நடை. வண்டியிலிருந்து 5 கிலோமீட்டர் என்றால், சுமந்து வருவதும் வெறுங்கையோடு திரும்பிப் போவதுமாக 35 கிலோமீட்டர். இந்த மலைகளில் உள்ள வெமினூச் காப்புவனத்துக்குள் மோட்டார் வண்டிக்கு மட்டுமல்ல, தள்ளுவண்டிக்கும் அனுமதியில்லை. செப்டம்பர் வெயிலில் இறைச்சியும் காத்திருக்காது. எனவே பள்ளத்தாக்குக்கு அப்பால், திரும்பும் வழியெல்லாம் ஏற்றமாகக் கிடக்கும் அருமையான திட்டைத் தயங்காமல் அடித்துவிட்டு, பாதைக்கு மேலே, சுமையோடு இறங்கிவர வழியுள்ள சுமாரான திட்டை வட்டமிடுகிறார். இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது இந்த அடித்தலைத்தான்.