படித்த நர்ஸ் ஏன் வார்டில் இருப்பதில்லை?

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் சாலையில் இருக்கிறது கீரப்பாளையம். சுற்றிலும் நெல்வயல். வெக்கை தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் அப்படித் தூங்குகிறவர்களைத்தான். கடித்த வலி தெரியாது, பல் பதிந்த தடம்கூடச் சில நேரம் கண்ணுக்குப் படாது. விடியற்காலையில் "வயிறு வலிக்குது, வாந்தியா வருது" என்று ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நைட் டூட்டி நர்ஸ் அதை வெறும் வயிற்றுவலியாக எடுத்துக்கொள்ளலாம். அல்லது ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள் என்று கேட்டு, கண் இமை தொங்குகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா என்று பார்த்து, டாக்டரை உடனே எழுப்பலாம்.

கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் செய்யும் ரத்தம் உறையும் சோதனையும் இப்படி நர்சின் அறிவைப் பொறுத்ததுதான். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயை எடுத்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயை எடுத்தாலோ முடிவு தப்பாகிவிடும். ஏன் தப்பாகும் என்று தெரிந்தவர்தான் அவசரத்திலும் சரியான குழாயைத் தேடுவார்.

ஆகவே நர்ஸ் மேலே படிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் பதில். 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் 9 ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து எழுதினார்கள். பட்டம் பெற்ற நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடிய இடத்தில், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. "அனுபவம் போதும், படிப்பு எதற்கு" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் கையில் ஒரே குத்தில் நரம்பு பிடிக்கும் மூத்த சிஸ்டர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் தப்பாகப் பழகிய ஒன்றை 20 வருஷம் செய்வதும் அனுபவம்தான்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு நர்சின் தலையில் கூடுதலாக ஒரு நோயாளியைச் சுமத்தினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. பட்டத்தைக் கூட்டி ஆளைக் குறைத்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியதாகிவிடும்.

நம் ஊர்ப் படிப்பின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. டிப்ளமோ 3 வருஷம். அதற்குமேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருஷம். எம்.எஸ்சி. இன்னும் 2 வருஷம். எம்.எஸ்சி. முடித்ததும் பாதை பெரும்பாலும் நர்சிங் கல்லூரி வகுப்பறைக்குப் போகிறது. அதிகம் படித்தவர் நோயாளியின் கட்டிலிலிருந்து அதிக தூரம் போய்விடுகிறார். இது அவர் குற்றமில்லை. வார்டில் இருந்தால் அந்தப் பட்டத்துக்கு என்ன மரியாதை, என்ன சம்பளம்? தீவிர சிகிச்சைக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்திருக்கிறது, நல்ல படிப்பு. ஆனால் அதற்கென்று பணியிடம் இல்லாத மருத்துவமனையில், அதைப் படித்தவரும் பழைய ஸ்டாஃப் நர்ஸ்தான்.

காசு விஷயத்தையும் தள்ளிவிட முடியாது. 2015-இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நர்சுகளை எடுத்தபோது கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அது போன்ற சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் பார்க்கிறவரிடம் "மேலே படியுங்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

வழி இல்லாமல் இல்லை. 1946-இலேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில், பாடம் நடத்துகிறவர்களுக்கு வார்டுப் பொறுப்பும் உண்டு. சொல்லிக்கொடுத்ததை நோயாளியிடம் செய்து காட்டியாக வேண்டும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரியும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று முன்பு பெயர் பெற்றிருந்த மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மருத்துவ மாணவர்களின் கட்டணப் போராட்டத்தை அடுத்து 2021 ஜனவரியில் இரண்டும் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. கல்லூரி, மருத்துவமனை, சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாம் ஒரே துறையின் கையில் இருக்கும்போது, சம்பளத்தோடு படிப்பு விடுப்பு கொடுப்பதும், படித்து முடித்தவரை உயர்ந்த சம்பளத்தில் அதே வார்டுக்குத் திரும்ப எடுப்பதும் அரசாணை ஒன்றில் முடியக்கூடிய காரியம்.

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் போஸ்ட் பேசிக் விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோவும் ஒட்டி வைத்திருந்தார். கடைசி நாள் தாண்டியும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் நான் போயிட்டா, என் நைட் டூட்டியை யாரு சார் பாப்பாங்க?" என்றார்.