காதால் கற்கும் ஸ்பானியம்

முகத்துவாரத்துப் புனித யாகப்பர் ஆலயத்தின் பாதுகாவலராகிய அப்போஸ்தலரின் கல்லறை அமைந்திருப்பதாக நூற்றாண்டுகளாக நம்பப்பட்டு வரும் சந்தியாகோ தே கொம்பொஸ்தேலாவுக்கு யாத்திரை போக விரும்பும் நம்மவர்கள், விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் அலையும் அலைச்சலில், ஸ்பெயின் நாட்டாரோடு நாலு வார்த்தை சம்பாஷிப்பதற்குரிய பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். யாத்திரைச் சான்றிதழ் வேண்டுமாயின், கால்நடையாகப் போகிறவர்கள் குறைந்தது 100 கிலோமீற்றரையேனும் கடக்க வேண்டும். வழியிலுள்ள சிற்றூர்களின் விடுதிக்காரரும் பாண்கடைக்காரரும் ஆங்கிலம் அறிந்திருப்பார்கள் என்று நம்பிப் புறப்படுவது விவேகமன்று.

இத்தகைய பிரயாணத்தை உத்தேசித்து நான் பழகிப் பார்த்தது, மிஹாலிஸ் எலெஃப்தெரியூ என்னும் ஆசிரியர் இலவசமாக வழங்கும் ‘லாங்குவேஜ் ட்ரான்ஸ்ஃபர்’ செயலியிலுள்ள ஸ்பானியப் பாடங்களை. மொத்தம் 90 ஒலிப்பதிவுகள். விளம்பரமில்லை, புள்ளிகளும் பரிசுகளும் இல்லை. ஆசிரியர் ஒரு மாணவரோடு உரையாடிக்கொண்டு போகிறார். அவர் வினவியதும் பதிவை நிறுத்தி, விடையை வாய்விட்டுச் சொன்ன பின்னரே நாம் மேலே கேட்க வேண்டும். குறிப்பெழுதவும் மனப்பாடம் செய்யவும் வேண்டாம் என்பது அவருடைய கட்டளை. டுவோலிங்கோ போன்ற செயலிகளில் சொற்களைத் தட்டிப் பொருத்தும் அப்பியாசம் பெரும்பாலும் கண்ணுக்கும் விரலுக்குமே பழக்கம் தருகிறது. இதுவோ, காக்கைத்தீவுக் கடற்கரையில் உலாவிக்கொண்டே நாவைப் பழக்குவதற்கு ஏற்றது.

ஆங்கிலம் அறிந்தவர்களுக்கென்றே இப்பாடங்கள் அமைந்தன. ஆங்கிலச் சொற்களின் ஈறுகளைச் சற்று மாற்றி ஸ்பானியச் சொற்களை ஆக்கும் உபாயத்திலிருந்தே அவை தொடங்குகின்றன. ஆயினும் வியாகரணம் வந்தவுடன், ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழ் வழியே சிந்திப்பதுதான் நமக்கு இலகு என்பது என் திடமான அபிப்பிராயம். ‘பேசுகிறேன்’, ‘பேசுகிறோம்’ என்று வினைமுற்றே பேசுபவரைக் காட்டிவிடும் நம் வழக்கம் அங்கே ‘ஆப்லோ’, ‘ஆப்லாமோஸ்’ என்று அப்படியே நிற்கிறது; நீ, நீங்கள் என்ற மரியாதை வேற்றுமையும் உண்டு. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற வாக்கியத்தின் அமைப்பை ஆங்கிலேயருக்கு விளக்குவதற்கு எவ்வளவோ பிரயாசை வேண்டியிருக்க, எனக்குக் கோப்பி பிடிக்கும் என்று பிறந்தது முதல் சொல்லி வரும் நமக்கு அது புதுமையே அன்று. தமிழ் வழியாக இப்படியொரு பாடவரிசையை யாரேனும் இயற்றினால் அது பேருபகாரமாகும்.

இந்த ஒலிப்பாடங்களில் குறையும் உண்டு. வாக்கியம் அமைக்கும் திறன் வளருமளவுக்குச் சொற்றொகை பெருகுவதில்லை. உணவுப் பட்டியலுக்கும் மருந்துக்கடைக்கும் கூகிள் மொழிபெயர்ப்பில் ஸ்பானியத்தையும் தமிழையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. எண்களை மாத்திரம் அதனிடம் விடாமல், விலை சொன்னவுடன் விளங்குமளவுக்குத் தனியே கேட்டுப் பழக வேண்டும்: 60 ‘செசெந்தா’, 70 ‘செதெந்தா’, நடுவில் ஓரெழுத்தே வேறு.