வல்லவனுக்கு 20 வயது

2006இல் மலேசியாவில் வந்த 'வல்லவன்' தமிழ் ராப் இசைத்தொகுப்புக்கு 2026இல் 20 வயது. பொயட்டிக் அம்மோ குழுவில் ஆங்கில ராப் பாடிப் பேர் வாங்கிய யோகி பி, நட்சத்திரா குழுவின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து தமிழ் ராப்பில் முழுசாக இறங்கியது இதில்தான்.

தொகுப்பில் 'மடை திறந்து' பாட்டுக்கே என் ஓட்டு. 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டின்மேல் மலேசியத் தமிழ் தடதடவென்று ஓடுகிறது. நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்த பெரியவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது மரியாதையாகவே கேட்டது. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கு (நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு) குடிபெயர்ந்த ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையிலிருந்து இறக்குமதியாகாத குரல் ஒன்று வேண்டியிருந்தது. பின்னாளில் கோடம்பாக்கமே அந்தக் குரலைக் கூப்பிட்டது: 2017இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா'வில் அனிருத்தோடு யோகி பி.