சுருதி கூடிய முதல் பக்கம்

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளையும் 1992 வரை உலகம் சுருதி கூடியே கேட்டது. நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய கொலம்பியாவின் 30ஆம் தெருக் கட்டடத்தில், மார்ச் 2 அன்று பதிவு நடந்தபோது, பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இசை வேகமெடுக்கும், சுருதியும் ஏறும். ஏறக்குறைய கால் சுரம். ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. தட்டைத் திருப்பிப் போட்ட ஒவ்வொருவரும் 33 ஆண்டுகளாகத் தெரியாமலே ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். காப்புக்காக ஓடிய இன்னொரு இயந்திரத்தின் வேகம் சரியாக இருந்தது. 1992 மறுவெளியீட்டுக்கு அந்தக் காப்பு டேப்பை எடுத்தபோதுதான் விஷயம் நேரானது.

தட்டோடு கூடவே வாசித்துப் பழகிய ட்ரம்பெட்காரர்கள் குழாயை ஒரு இழுப்பு உள்ளே தள்ளிச் சமாளித்திருப்பார்கள். பியானோக்காரர்கள்தான் பாவம், தங்கள் பியானோவைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இப்போது கேள்வி இதுதான். இதில் எது மூலம்? மார்ச் 2 அன்று அந்த அறையில் ஒலித்ததா, தலைமுறை தலைமுறையாக மக்கள் கேட்டு நெஞ்சில் போட்டுக்கொண்டதா? திருத்தப்பட்டதே மூலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'ப்ளூ இன் க்ரீன்' உருப்படியில் பில் எவன்ஸ் ஒரு சுரக்கட்டை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடும்முன் எடுத்துக்கொள்ளும் நேரம் திருத்தப்பட்ட பதிப்பில்தான் அவருடைய நேரம். பழைய தட்டில் அது இயந்திரத்தின் நேரம்.

இதை நான் சொன்னால் ஹாரோவில் இருக்கும் அண்ணை ஒருவர் ஒப்புக்கொள்ள மாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்து, பஸ் காசை மிச்சம் பிடித்துப் பழைய தட்டுக் கடைகளில் ஜாஸ் வாங்கியவர். திருத்திய பதிப்பை முதன்முதல் அவருக்குப் போட்டுக் காட்டியபோது, "என்ன தம்பி, மைல்ஸ் காய்ச்சலிலை எழும்பி வந்து ஊதுற மாதிரிக் கிடக்கு?" என்றார். நான் இங்கே முதுகலை படிக்க வந்தது 2000க்குப் பிறகு. பல்கலைக்கழக நூலகத்தில் வாரத்துக்கு மூன்று குறுந்தகடு இரவல் தருவார்கள். என் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொடக்கத்திலிருந்தே திருத்தப்பட்டதுதான். எங்கள் இருவருடைய ரசனையையும் தீர்மானித்ததில் காதுக்கு இருந்த பங்கைவிட, யார் எந்த ஆண்டு எந்தக் கடை வாசலில் நின்றோம் என்பதற்குப் பங்கு அதிகம்.

காதை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு 2022 ஜூலை ஒரு சாட்சி. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க மறுவெளியீட்டு நிறுவனத்தின் விலை உயர்ந்த தட்டுகளை, மூல டேப்பிலிருந்து கணினி தொடாமல் நேராக வெட்டப்பட்டவை என்று நம்பியே ரசிகர்கள் வாங்கிவந்தார்கள். பல ஆண்டுகளாக இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. டிஜிட்டல் என்றால் ஒரு நொடியில் காது கண்டுபிடித்துவிடும் என்று மார்தட்டியவர்களின் அலமாரியில், அவர்கள் ஆகச்சிறந்தவை என்று பாராட்டிய தட்டுகள் அவை. வழக்கு, இழப்பீடு என்றெல்லாம் போனது. ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் நியாயமானதே. வாங்குகிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டுகள் முந்தைய நாள் எவ்வளவு நன்றாக ஒலித்தனவோ அதே அளவுதான் மறுநாளும் ஒலித்தன. பகல் முழுவதும் தரவுகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் இந்த விவகாரத்தில் எனக்கு ஒரு குரூர திருப்தி இருந்தது என்பதை மறைப்பானேன்.

டேப் காலத்துக்கு முந்தைய தட்டுகளிடம் போனால் சிக்கல் இன்னும் ஆழம். கிங் ஆலிவரின் க்ரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனெட் கம்பெனிக்காகப் பதிவுசெய்தவற்றை எடுத்துக்கொள்வோம். மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாய்க்கு முன்னால் எல்லாரும் நின்று ஊத வேண்டும். அந்த அதிர்விலேயே ஊசி மெழுகைக் கீறும். பெரிய முரசை அந்த ஊசி தாங்காது. ஆகவே பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டையைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி போகும்போது பதிவை நிறுத்திவிடுவார்கள். இருபத்தோரு வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட் சத்தம் ஆலிவரை அமுக்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளி நிறுத்தினார்கள் என்பது, அதில் பியானோ வாசித்த, அடுத்த ஆண்டு அவரையே மணந்துகொண்ட லில் ஹார்டின் பின்னாளில் சொன்ன கதை. 'சைம்ஸ் ப்ளூஸ்' தட்டில் இருப்பதுதான் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதல் தனி ஆவர்த்தனப் பதிவு. நமக்குக் கிடைப்பது, யார் யார் வீட்டிலோ இரும்பு ஊசியால் தேய்ந்த அரக்குத் தட்டுகள் மட்டுமே. (அந்தக் காலத்து இசைத்தட்டு அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது என்பது வேறு கதை.)

இப்படியொரு தட்டிலிருந்து இசையை எடுப்பது கைவேலை. 78 சுழற்சி என்பது பேச்சுக்குத்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வேகம், சில நேரம் ஒவ்வொரு நாளுக்கும். பாட்டு எந்தச் சுருதியில் இருந்திருக்க வேண்டும் என்று யூகித்துத்தான் வேகத்தை வைக்க வேண்டும். தேய்ந்த தடத்தில் தேயாத ஓர் உயரம் எங்கேயாவது மிஞ்சியிருக்கும். அங்கே உட்காரும்படி ஊசியின் பருமனை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கரகரப்பை என்ன செய்வது என்ற பெரிய சண்டை. கரகரப்பு இருக்கும் அதே உயரத்தில்தான் கார்னெட்டின் பளபளப்பும் இருக்கிறது. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும்.

இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸ் (1927–2004) இதில் என் கட்சி. அவரே இசைக் கலைஞர். கணினி வருவதற்கு முன்னால், டேப்பில் 'டிக்' என்று விழும் இடத்தைத் தேடிப்பிடித்து, அந்த இடத்தின் மேல்பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்தவர். களை பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக. ஆனால் ஒட்டுமொத்தமாகத் துடைக்க மாட்டார். அடியில் ஓடும் சீறல் ஓடட்டும் என்று விட்டுவிடுவார். ரிட்ரீவல் வெளியீட்டில் அவர் எடுத்துத் தந்த கிங் ஆலிவர் அப்படித்தான் இருக்கிறது. முதல் ஒரு நிமிடம் மழைக்கு நடுவே கேட்பதுபோல் இருக்கும். பிறகு காது மழையை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கார்னெட்களும் சேர்ந்து பாயும் இடங்களில் அவற்றுக்கிடையே காற்று இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், 1980களில் ஆஸ்திரேலியரான ராபர்ட் பார்க்கர் செய்தது. பழைய மோனோத் தட்டுகளின் கரகரப்பை நன்றாகத் துடைத்து, ஸ்டீரியோவாக விரித்து, கூடத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி சேர்த்தார். ஏராளமானவர்களை அந்தப் பழைய இசைக்குள் அழைத்துவந்தவரும் அவர்தான். இருந்தாலும் எனக்கு அது சாயம் ஏற்றிய கறுப்பு வெள்ளைப் படம். ஆர்க்கியோஃபோன் கம்பெனி 1923இன் முழுத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தெரிந்தது. நல்ல பிரதிகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள், பான்ஜோவும் கிளாரினெட்டும் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. பாடம் கேட்க அதை எடுப்பேன். சும்மா கேட்க டேவிஸ்.

அண்ணைக்கு இந்த மூன்றும் வேண்டாம். "உந்தக் கரகரப்பு இல்லாட்டி அது எங்கடை வீட்டுச் சத்தம் இல்லை" என்பார். அவருடைய வீட்டில் ஒலித்தது ஜாஸ் அல்ல, நாதஸ்வரத் தட்டுகள். இரவு முழுக்க ஒரு ராகத்தை ஊதக்கூடிய ராஜரத்தினம் பிள்ளையையும் அதே அரக்குத்தட்டு தன் மூன்று சொச்ச நிமிடத்துக்குள் சுருக்கத்தான் செய்தது. வித்தியாசம் பிறகு வருகிறது. ஜாஸுக்கு 1936லேயே பாரிஸில் சார்ல் தெலோனே என்ற ரசிகர், எந்தத் தட்டில் யார் என்ன வாசித்தார், என்று, எங்கே என்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார். எனக்குக் கிடைத்த நாதஸ்வரப் பிரதிகள் பலவற்றில் தவில் யார் என்றுகூட இல்லை.

விவரம் சேர்க்கும் வெறிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். டீன் பெனடெட்டி 1947–48இல் சார்லி பார்க்கர் வாசித்த இடங்களுக்குப் போய், பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் பதிவு இயந்திரத்தை ஓடவிட்டு, மற்றவர் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். 1990இல் மொசெய்க் நிறுவனம் அதை ஏழு குறுந்தகடுகளாக வெளியிட்டது. கேட்டால், ஒருவர் ஒரு பெரிய உரையாடலில் தன் பதில்களை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. வைத்திருக்கிறேன். மூன்றாவது தட்டைத் தாண்டியதில்லை.

அதே மொசெய்க்கை நான் மன்னிப்பது டீனா ப்ரூக்ஸுக்காக. 1983இல் தொடங்கிய இந்தச் சின்ன நிறுவனத்தின் முதுகெலும்பு மைக்கேல் கஸ்குனா, 2024இல் இறந்தார். ப்ளூ நோட் கம்பெனியின் கிடங்கில் வெளிவராமல் கிடந்த டேப்புகளைக் கேட்டு வெளியே கொண்டுவந்ததுதான் அவர் வாழ்வின் பெரும்பணி. ப்ளூ நோட்டை 1939இல் தொடங்கிய ஆல்ஃபிரெட் லயனும், அவரோடு சேர்ந்துகொண்ட நண்பர் ஃபிரான்ஸிஸ் வுல்ஃபும் பெர்லினை விட்டு வந்த யூதர்கள். வந்த நாட்டின் கறுப்பின இசையைத் தங்கள் காசு போட்டுப் பதிந்தார்கள். பதிந்தவை எல்லாவற்றையும் வெளியிடவில்லை.

டீனா ப்ரூக்ஸ் டெனர் சாக்ஸபோன்காரர். 1958க்கும் 1961க்கும் இடையில் ப்ளூ நோட்டுக்காகத் தன் பெயரில் நான்கு பதிவுகள் செய்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று, 'ட்ரூ ப்ளூ'. 'பேக் டு தி ட்ராக்ஸ்' தொகுப்புக்கு 4052 என்று எண்கூடக் கொடுத்து, அட்டைப்படமும் தயாராகி, தட்டு வரவில்லை. 1961க்குப் பிறகு அவர் பதிவுக்கூடத்துக்கே வரவில்லை. போதை உடலைத் தின்றது. 1974இல் இறந்தபோது வயது 42. மொசெய்க் அவருடைய நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது 1985இல்.

1960 ஜூன் மாதத்தில் ஒரு வாரத்தைப் பாருங்கள். 19ஆம் தேதி, 22 வயது ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் தொகுப்பான 'ஓபன் செஸமி' பதிவாகிறது. டெனர் ப்ரூக்ஸ். தலைப்பு உருப்படியும் 'ஜிப்ஸி ப்ளூ'வும் ப்ரூக்ஸ் எழுதியவை. ஆறு நாள் கழித்து, 25ஆம் தேதி, 'ட்ரூ ப்ளூ'. இப்போது தலைவர் ப்ரூக்ஸ், ட்ரம்பெட் ஹப்பர்ட். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டிலும் மெட்டுகளின் நிறத்தை முடிவுசெய்கிறவர் ப்ரூக்ஸ் என்பது தெரியும். ஹப்பர்ட் ஊதினால் அறை விரியும். ப்ரூக்ஸ் அடுத்து வந்து, குரலை உயர்த்தாமல், ஒரு சின்னத் துயரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். சொல்லவந்ததைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடுமே என்பதுபோல் வாக்கியத்தின் கடைசிச் சுரத்தைத் தாமதப்படுத்துவார். 'குட் ஓல்ட் சோல்' உருப்படியில் இதைச் செய்கிறார். ஹப்பர்ட் உலகப் புகழ் பெற்றார். அதில் தவறொன்றுமில்லை, அவர் அதற்குத் தகுதியானவர்.

மறுவெளியீடு என்றால் பழையதை மெருகேற்றி இரண்டாம் முறை விற்பது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த மூன்று தட்டுகளைத்தான். கேட்டவர்களுக்கு 'பேக் டு தி ட்ராக்ஸ்' இரண்டாம் முறை அல்ல. பதிந்து கால் நூற்றாண்டு கழித்து, வாசித்தவர் செத்துப் பதினோரு ஆண்டு கழித்து, மொசெய்க் பெட்டி வழியாகத்தான் பெரும்பாலோருக்கு அது முதல் முறையாகக் கிடைத்தது. இன்று இதே தொகுப்புகள் கனமான வினைலில், வுல்ஃப் எடுத்த புகைப்படங்கள் பளபளக்க வருகின்றன. அழகுதான். ஆனால் வரவேற்பறையில் சாய்த்துவைக்க வாங்குகிறவர்களை நம்பிய விலை அது.

அண்ணையிடம் மொசெய்க் பெட்டி இருக்கிறது, என்னிடம் சாதாரணக் குறுந்தகடு. அவருடையதில் ப்ரூக்ஸின் மூச்சு நன்றாகக் கேட்கிறது என்கிறார். எனக்குக் குறுந்தகட்டிலும் கேட்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று அலைய வேண்டாம். கைக்குக் கிடைத்ததில் 'ஓபன் செஸமி'யை முதலில், 'ட்ரூ ப்ளூ'வை அடுத்து என்று அந்த ஜூன் மாத வரிசையிலேயே கேளுங்கள். 4052க்குப் பிறகு வாருங்கள்.