கூழைக்கடாவும் சிறுவனும்

பறவையைக் கூண்டிலிட்டு வளர்ப்பதையே அதன்மீது கொண்ட அன்பாகக் கருதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. கூண்டே இல்லாத ஓர் அன்பைச் சித்திரிக்கும் சிறு நூல் ஒன்று 1964ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. காலின் தீலி எழுதிய 'ஸ்டார்ம் பாய்' என்பது அதன் பெயர். 1976இலும் 2019இலும் திரைப்படமாகவும் வந்த இக்கதையைச் சிறுவர் இலக்கியம் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. குழந்தையின் அன்பு மட்டுமே ஒரு காட்டுயிரைக் காக்கப் போதுமா என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது.

தென் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் உப்பங்கழி கூராங். அக்கரையில் தந்தையோடு குடிசையில் வாழும் சிறுவன், மனிதர் சிதைத்த கூடுகளினிடையே மூன்று கூழைக்கடாக் குஞ்சுகளைக் கண்டெடுத்து வளர்க்கிறான். அவை வளர்ந்ததும் தந்தையின் சொற்படி வெளியில் விடப்படுகின்றன. இரண்டு சென்றுவிடுகின்றன, மூன்றிலும் நலிந்திருந்த பெர்சிவல் மட்டும் திரும்பி வருகிறது. பின்னர்ப் புயலில் சிக்கிய இழுவைப் படகிற்குக் கயிறு கொண்டு சென்று ஆறு உயிர்களைக் காக்கிறது. இறுதியில் வேட்டைக்காரர் குண்டுக்கு இரையாகிறது.

பெர்சிவல் திரும்பி வரும் இடமே நூலின் உயிர்நிலை எனலாம். கட்டுண்டு கிடக்கும் பறவையின் உறவை நாம் அளந்தறிய இயலாது. பறந்துசெல்ல வல்ல பறவை தானே வந்தடையும்போதுதான் அது உறவென்று விளங்குகிறது. ஆயினும் அவ்வுறவிலேயே அதன் அழிவும் தொடங்குகிறது. சிறுவனின் அன்பு பறவைக்கு மனிதரிடம் நம்பிக்கையை ஊட்டியது. எல்லா மனிதரும் நம்பத்தக்கவர் அல்லர் என்பதை அதனால் கற்பிக்க இயலவில்லை. இந்த முரணை ஆசிரியர் உபதேசமாக விளம்பாமல் நிகழ்ச்சியாலேயே உணர்த்துவது பாராட்டற்குரியது.

குறையொன்றும் சொல்லவேண்டும். பெர்சிவலின் பெருமை, அது மனிதரைக் காத்ததனால் உயர்ந்து நிற்கிறது. மனிதனுக்குப் பயன்பட்டால்தான் ஓர் உயிர் வாழத் தகுதியுடையதா? பறந்து சென்ற மற்ற இரண்டும் எவரையும் காக்கவில்லை; கதையும் அவற்றைத் தேடிச் செல்லவில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்போ பெயரற்ற, பயன்கருதாத அத்தகைய பறவைகளுக்காகவே ஏற்பட்டது.

கூராங்கின் வரலாறும் இதனையே காட்டுகிறது. நூல் வெளிவந்த சில ஆண்டுகளில் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் ஆற்றின் மேற்பகுதியில் நீர் மிகுதியாக எடுக்கப்பட, வறட்சியும் சேர்ந்து, முகத்துவாரம் மணலால் அடைபடாதிருக்க 2002 முதல் தூர்வார வேண்டியதாயிற்று. துப்பாக்கியைத் தடுத்தால் மட்டும் போதாது, நீரும் வேண்டும்.

இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதற்கு இடந்தரவில்லை. நகரத்து அடுக்குமாடியில் வளரும் நம் குழந்தைகள் கிளி வேண்டுமென்று கேட்பது இயல்பே. அவர்களுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். பெர்சிவலுக்காக அவர்கள் கண்ணீர் விடட்டும். அதன்பின், போய்விட்ட அந்த இரண்டு பறவைகளும் எங்கே வாழும், எதை உண்ணும் என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் குழந்தையிடம் அன்பு காவலாக முதிர்கிறது.