பதிப்பும் வழிநூலும்: பழந்திரைப்படங்களின் மீட்டுருவாக்கம்

பழைய திரைப்படம் ஒன்று மீண்டும் திரைக்கு வரும்போது இருவேறு செயல்கள் ஒன்றுபோலவே பேசப்படுகின்றன. சிதைந்த படச்சுருளைச் செப்பம் செய்து மூலத்தை மீட்பது ஒன்று; மூலத்தை அடியொற்றிப் புதியதொரு படத்தை ஆக்குவது மற்றொன்று. சுவடிகளோடு பழகிய தமிழுலகிற்கு இவ்வேறுபாடு புதிதன்று. முன்னது பதிப்பு, பின்னது தொல்காப்பியர் வகுத்த வழிநூல். தொகுக்கவும் விரிக்கவும் வழிநூலாசிரியனுக்கு உரிமை உண்டு, பதிப்பாசிரியனுக்கு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தை அச்சேற்றியபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிட்டவில்லை. கிட்டாதவற்றைப் புனைந்து நிரப்ப அவர் முற்படவில்லை.

ஹாலிவுட்டில் இவ்வெல்லை மீறப்பட்டதும் உண்டு, பேணப்பட்டதும் உண்டு. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958), ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் ஆகியோரால் 1996இல் மீட்கப்பட்டபோது, காலடி ஓசை முதலான பல ஒலிகள் புதிதாகப் பதிவு செய்து சேர்க்கப்பட்டன. கண்ணுக்குப் பதிப்பாகவும் செவிக்கு வழிநூலாகவும் அமைந்த அப்படி கடும் விமரிசனத்திற்கு உள்ளாயிற்று. அவருடைய ‘சைக்கோ’வை (1960) கஸ் வான் சான்ட் 1998இல் ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அவ்வாறே வண்ணத்தில் எடுத்தார். அது சிறந்த படம் அன்று. ஆயினும் எது யாருடையது என்னும் ஐயத்திற்கு அங்கு இடமில்லை.

இச்சிக்கலின் எல்லா நிலைகளையும் ஒரே நகரில் காண வேண்டுமெனில் திருவனந்தபுரத்தை நோக்கலாம். ஸ்ரீவராகம், சாலை முதலிய தமிழ் வழங்கும் பகுதிகளிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் அன்று இருந்தது கேப்பிட்டல் திரையரங்கு. அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி.டேனியலின் ‘விகதகுமாரன்’ அங்குத்தான் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் கூறப்படும். அப்படத்தின் படி ஒன்றும் இன்றில்லை. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்த தலித் நடிகை பி.கே.ரோசியின் நடிப்பும் அதனோடு மறைந்தது. கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ (2013) அவ்வரலாற்றைப் புனைந்து காட்டுகிறது. மூலம் அழிந்தபின் எழுந்த வழிநூல் அது. சி.வி.ராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவிய ‘மார்த்தாண்ட வர்மா’வின் (1933) கதையோ வேறு. நூல் வெளியீட்டாளர் தொடுத்த பதிப்புரிமை வழக்கால் அப்படம் முடக்கப்பட்டது. அவர்கள் வசம் கிடந்த படி 1974இல் தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சென்றடைந்தது. ஓடிய படம் அழிந்தது. ஓடாமல் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது.

ஜி.அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979) முறையான பதிப்பிற்குச் சான்றாகும். மூல எதிர்ச்சுருள் கிட்டாத நிலையில், காப்பகத்திலிருந்த படிகளைக் கொண்டு, இந்தியாவின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் மார்ட்டின் ஸ்கார்செசி நிறுவிய உலகத் திரைப்படத் திட்டமும் இத்தாலியின் பொலோனியா காப்பகமும் இணைந்து 2021இல் அதனை மீட்டன. ஆங்கிலத் துணைத்தலைப்புகள் பொறித்த படியை ஒப்புநோக்கப் பயன்படுத்தியமை, ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்கொள்ளும் முறையை ஒத்தது. கீறலை நீக்கல் கைத்திறன்; மங்கிய நிறத்தை மீட்டல் பாடத் தெரிவு. வடகேரளத்துப் புல்வெளியின் பசுமை 1979இல் எவ்வளவு அடர்ந்திருந்தது என்பதைச் சுருள் தானே சொல்லவில்லை. சிறுவன் நாயாக மாறித் திரியும் அந்நிலம்தான் படத்தின் பாதிப் பொருள். ஆதலின் இது சிறு வினா அன்று. ஒளிப்பதிவாளர் ஷாஜி என்.கருணின் வழிகாட்டலில் நிறம் வரையறுக்கப்பட்டது. நாற்பதாண்டு கடந்த நினைவு உரையாசிரியன் கூற்றுப் போன்றது. மதிக்கத்தக்கதே எனினும் மூலம் ஆகாது. எனினும் எச்சான்றைக் கொண்டு எதனைத் தெரிந்தனர் என்பதை மீட்டோர் மறைக்கவில்லை. அவர் 2025இல் மறைந்துவிட்ட நிலையில், அவர் ஒளிப்பதிவு செய்த பிற வண்ணப் படங்களை மீட்போருக்கு அச்சான்றும் இல்லை.

தமிழில் நிகழ்ந்தது வேறு. பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) எண்மியச் செப்பனிடலுடன் 2012 மார்ச்சில் மறுவெளியீடு கண்டு, சென்னையில் நூறு நாள்களுக்கு மேல் ஓடியது. புதிய தலைமுறையைத் திரையரங்கிற்கு அழைத்த அவ்வெற்றி எளிதில் தள்ளத்தக்கதன்று. பிற பழம்படங்கள் பலவற்றிற்கும் அதுவே வாயில் திறந்தது. ஆயினும் அப்படி சினிமாஸ்கோப் அகலத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. ஏறக்குறையச் சதுரமான பழைய சட்டகத்தை அகலமாக்க இரண்டே வழிகள்: பக்கவாட்டில் இழுக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும். வெட்டினால் உயரத்தில் ஐந்தில் இரு பங்கு போய்விடும். மணிமுடி முதல் பாதம் வரை முழு உருவமும் தெரிய நடிக்கும் நாடக மரபில் வளர்ந்த கலைஞர் சிவாஜி கணேசன். தேர்ச்சக்கரத்தடியில் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கும் கர்ணனின் காட்சி, மேலிருந்து கீழாகப் பார்க்க அமைந்தது. அதன் சட்டகத்தை மாற்றுவது அசையைக் கூட்டியும் குறைத்தும் அடியைச் சிதைப்பதற்கு நிகர். செய்தவர் நோக்கம் தூயதே. ஆனால் விளைந்தது பதிப்பு என்னும் பெயரில் வழங்கும் வழிநூல்.

எப்படியிலிருந்து எடுக்கப்பட்டது, எது நீங்கியது, எது சேர்ந்தது என்பதைப் படத்தின் தொடக்கத்தில் அறிவிக்கும் வழக்கம் தமிழ் மறுவெளியீடுகளில் இன்னும் வேரூன்றவில்லை. திரைப்படத்தை ஆராயும் தமிழாய்வேடுகளும் படத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பதோடு அமைகின்றன. 1964 என்று குறித்துவிட்டு 2012ஆம் ஆண்டுப் படியைக் கொண்டு கர்ணனின் உடல்மொழியை விளக்கும் ஆய்வு, எப்படத்தைப் பற்றியது என்பதை எவரும் வினவுவதில்லை.