முதலில் சமாதானம், அப்புறம்தான் பாட்டு

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றுகிறார்கள், தூண்பாறையில் போட்டோ எடுக்கிறார்கள், சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நாயுடுபுரத்தில் குடியிருக்கும் என்னைக் கேட்டால், இந்த மலையில் தவறவிடவே கூடாதது ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனைதான் என்பேன். அதிலும் ஒரே ஒரு கட்டம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள்.

எங்களுடையது சி.எஸ்.ஐ. சபை, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. பிரசங்கம் முடியும், மன்றாட்டு ஜெபங்கள் முடியும். காணிக்கைப் பை இன்னும் வெளியே வந்திருக்காது. அப்போது போதகர் ஐயா திருமேசையிலிருந்து சமாதானம் கொடுப்பதைத் தொடங்கிவைப்பார். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க வேண்டும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். மேசையில் தொடங்கியது பெஞ்சு பெஞ்சாக இறங்கி, கடைசி வரிசையில் ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பையன் வரை வந்து சேரும். கண்ணில் பட்டவருக்கெல்லாம் கை குலுக்குகிற சமாச்சாரம் இல்லை இது. உங்களிடம் வருவது மேசையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. நீங்களாகக் கிளப்பிவிட முடியாது. வாங்கிய பிறகுதான் கொடுக்க முடியும்.

மார்கழிக் குளிரில் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும்! எனக்குப் பெரும்பாலும் கொடுப்பவர் ஒரு பாட்டி. வாரம் முழுக்க மலைப்பூண்டு உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத பூண்டு வாசனை. அந்தச் சொரசொரப்பான கை என் கையை மூடும்போது, போன வாரத்துக் கடன்காரர், நாளைக்குக் கட்ட வேண்டிய ஸ்கூல் பீஸ், எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. பாட்டி லேசில் விடவும் மாட்டார். கண்ணைப் பார்த்து, ஒரு அழுத்தம் கொடுத்து, "கர்த்தருடைய சமாதானம், கண்ணு" என்பார். 'கண்ணு' வழிபாட்டுப் புத்தகத்தில் இல்லை, பாட்டி சேர்த்தது.

அதற்குப் பிறகு பாடுகிறோமே, அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். ஆராதனை தொடக்கத்தில் நாங்கள் பாடுவது சுமார்தான். பாதிப் பேர் கதவைப் பார்த்துக்கொண்டும், மீதிப் பேர் சுருதியைத் தேடிக்கொண்டும் பாடுவோம். காணிக்கைக் கீர்த்தனையிலோ அதே ஆட்கள், அதே பழைய ஹார்மோனியம், ஆனால் கூரை அதிரும். யாரும் ஏற்றிவிடாமலே குரல் ஏறும். கடவுளோடும் பக்கத்து ஆளோடும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தவன் பாடுகிற பாட்டு அது. அவனுக்கு இனி கேட்டு வாங்க ஒன்றுமில்லை, நன்றி சொல்வது மட்டும்தான் பாக்கி.

நாலாபக்கமும் ஸ்பீக்கர் கட்டி, கீபோர்டை இழுத்து இழுத்து வாசித்து, சமாதானம் வரும் வரும் என்று மக்களை அழவைக்கிற கூட்டங்களுக்கும் நான் போயிருக்கிறேன். டிரம்ஸ்மேல் எனக்குப் பகையில்லை. என் மகனே வாசிக்கிறான். ஆனால் பாட்டைப் பாடிச் சமாதானத்தை வரவழைப்பது ஒன்று, வந்துவிட்ட சமாதானம் பாட்டாக வெளியே வருவது வேறு. இரண்டாவதை ஒருமுறை ருசித்தவருக்கு முதலாவது உப்பில்லாத கஞ்சிதான்.

இந்த வரிசைமுறையை எங்கள் சபை சும்மா பிடிக்கவில்லை. பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதனால்தான் காணிக்கைக்கு முன்னால் சமாதானம். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை சென்னையில் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, நேற்றுவரை தனித்தனி மேசையில் உட்கார்ந்தவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. லெஸ்லி பிரவுன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து உழைத்து, 1950-ல் புதிய திருவிருந்து முறைமை வந்தது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் காலங்காலமாகக் காப்பாற்றி வைத்திருந்த இந்தக் கைவழிச் சமாதானத்தை அதில் எடுத்துக்கொண்டார்கள். மேலைநாட்டுச் சபைகள் பலவற்றில் இந்த வழக்கம் எப்போதோ வழக்கொழிந்து போயிருந்தது. எங்கள் முறைமையைப் பார்த்துத்தான் பல நாட்டு வழிபாட்டு அறிஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருக்காதா?

பாட்டுக்கும் இந்த வட்டாரத்தில் வேர் உண்டு. 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது அமெரிக்க மதுரை மிஷன். சமவெளிக் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்து மலையேறியவர்கள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், திண்டுக்கல்லில் இருந்தவர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் மனதைப் பறிகொடுத்தார். தமிழன் தமிழ் ராகத்தில்தான் மனசாரப் பாடுவான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. 1853-ல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அப்போது சாஸ்திரியாருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று எங்கள் ஹார்மோனியத்தில் ராகம் கிளம்பும்போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் நான் நினைத்துக்கொள்வேன்.

மேலே மத்தேயு என்றேனே, அதையொட்டி இன்னொன்று. எங்கள் நாயுடுபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-ல் கட்டியவர் லீலாவதி இராமநாதன், இலங்கை சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, பிறப்பால் வெள்ளைக்காரர். இராமநாதன் 'பரானந்தர்' என்ற பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்குச் சொன்ன விளக்கத்தை 1898-ல் நூலாக வெளியிட்டவரும் இதே அம்மையார்தான், அப்போது ஹாரிசன் என்ற பெயரில். முருகன் கோயில் கட்டிய கை மத்தேயு விளக்கத்தையும் வெளியிட்டிருக்கிறது! இதைச் சொன்னால் எங்கள் தெரு ஆட்களே நம்புவதில்லை.

சரி, சமாதானத்துக்கே திரும்புகிறேன். எங்கள் சபையில் நடந்த ஒரு ஓஸ் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஊற்றுத் தண்ணீருக்கு ஓஸ் போட்டதில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குத் தகராறு, ஆண்டுக்கணக்காகப் பேச்சில்லை. ஒரு ஞாயிறு இருவரும் தாமதமாக வந்து, இடமில்லாமல் ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். சமாதானம் வந்தது. இளையவர் இடப்பக்கத்திலிருந்து வாங்கிவிட்டார். வலப்பக்கம் திரும்பினால் அந்த ஆள். கை அப்படியே நின்றுவிட்டது. பின்வரிசைகள் எல்லாம் காத்திருக்கின்றன. "அண்ணே, ஒரு நிமிசம் வெளிய வர்றீங்களா?" இரண்டு பேரும் எழுந்து போனார்கள். போதகர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை, காணிக்கையையும் தொடங்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். திரும்பி வந்து பெரியவர் கை நீட்டி வாங்கினார், அடுத்தவருக்குக் கொடுத்தார். வெளியே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மறுவாரம் ஓஸில் ஒரு டீ ஜாயின்ட் முளைத்திருந்தது. அன்று பாடிய கீர்த்தனை மாதிரி இன்னொன்றை நான் கேட்டதில்லை.

கொரோனா காலத்தில் தொடக் கூடாது என்று கைகூப்பினோம். எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. ஆனால் 1866-ல் எழும்பிய எங்கள் ஊர் சலேத் மாதா ஆலயத்தில் கத்தோலிக்க நண்பர்கள் கும்பிட்டுத்தான் சமாதானம் பகிர்கிறார்கள். கைகூப்புவதற்கு 1969-லேயே அவர்களுக்கு ரோமின் அனுமதி கிடைத்துவிட்டது. அங்கே நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால் அது வரும். ஆகஸ்ட் 14, 15 திருவிழாவில் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கும்பிடுவது கண்கொள்ளாக் காட்சி. இருந்தாலும் என் ஓட்டு கைக்குத்தான்.

வந்தால் எங்கள் சபைக்கும் வாருங்கள். ஸ்வெட்டர் அவசியம். பெஞ்சின் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் உட்காருங்கள், இரண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும். கையுறை போட்டிருந்தால் பிரசங்கம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பாட்டி கையுறைக்குக் கொடுக்க மாட்டார்.